டெவ்ஆப்ஸ் வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு: கோர்ஸ் பட்டியலில் இல்லாத பாடங்கள்

டெவ்ஆப்ஸ் (மென்பொருளைச் சர்வர்களில் ஏற்றி, நிற்காமல் ஓட வைக்கும்) வேலைக்கு வரும் ஃப்ரெஷர் ரெஸ்யூமேக்களில் பெரும்பாலும் ஒரே வரியைப் பார்க்கலாம்: டாக்கர், குபெர்னெட்டிஸ், ஜென்கின்ஸ், டெர்ராஃபார்ம், ஆன்சிபிள், பிரோமீதியஸ், கிராஃபானா, ஏடபிள்யூஎஸ், அஷ்யூர். மூன்று மாதக் கோர்ஸ் முடித்தால் இத்தனை பெயர்களும் கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் நேர்காணலில் முதலில் விழும் கேள்வி பல நேரம் இதில் எதையும் தொடுவதில்லை. "சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. 20 ஜிபி லாக் ஃபைலை அழித்தீர்கள். இடம் திரும்ப வரவில்லை. ஏன்?"

லினக்ஸில் ஃபைலை அழிப்பது என்றால் டைரக்டரியில் உள்ள பெயரை எடுப்பது மட்டும்தான். ஏதாவது ஒரு புராசஸ் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை டிஸ்க்கில் இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் போட்டால், அழிக்கப்பட்டும் இன்னும் திறந்திருக்கும் ஃபைல்களும் அவற்றைப் பிடித்திருக்கும் புராசஸும் தெரிந்துவிடும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வரும். ரீஸ்டார்ட் செய்ய முடியாத நேரம் என்றால், ஃபைலை அழிக்காமல் அதன் அளவைப் பூஜ்யமாக்கியிருக்க வேண்டும்.

இதற்குச் சரியாகப் பதில் சொன்னால் அடுத்தது வரும்: டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கிறது, ஆனாலும் இடமில்லை என்று பிழை வருகிறது. பெரும்பாலும் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வீதம் ஃபைல்சிஸ்டம் வைத்திருக்கும் பதிவு) தீர்ந்திருக்கும். குட்டிக்குட்டி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்த சர்வரில் இது நடக்கும். டிஎஃப் கட்டளையில் வழக்கமான அளவைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், ஐநோட் கணக்கையும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நிறுவனம் சம்பளம் கொடுப்பது இந்தத் திறமைக்குத்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று நின்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தாமல் மாற்ற வேண்டும். மாற்றியது தவறானால் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2023 ஆகஸ்டில், சர்வர்களையும் நெட்வொர்க்கையும் கோடாக எழுதி உருவாக்கும் டெர்ராஃபார்மின் உரிமம் மாறியது, உடனே ஓப்பன்டோஃபு என்று ஒரு கிளை பிரிந்தது. லினக்ஸும் நெட்வொர்க்கும் புரிந்தவர்களுக்கு அது அலட்டிக்கொள்ளும் விஷயமாக இல்லை.

அதனால் லினக்ஸ், நெட்வொர்க், பேஷ், பைத்தான், கிட், அதன்பின் ஏதாவது ஒரே ஒரு கிளவுட் என்று வரிசையாகப் போங்கள். டாக்கரும் (அப்ளிகேஷனைக் கன்டெய்னராகப் பொதியும் கருவி) டெர்ராஃபார்மும் அதற்கு மேல், பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் கடைசி. இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் நெட்வொர்க்கில்தான் சிக்குகிறார்கள்.

ஒரு பிழையை எடுத்துக்கொள்வோம். அப்ளிகேஷனிலிருந்து டேட்டாபேஸுக்கு இணைப்பு போகவில்லை. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று உடனே பதில் வந்தால், பாக்கெட் அந்த மெஷின் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் எதுவும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். டேட்டாபேஸ் நின்றிருக்கலாம், அல்லது லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்கும்படி அமைத்திருக்கலாம். அரை நிமிடம் தொங்கிவிட்டு "டைம்டு அவுட்" என்று வந்தால், பாக்கெட்டை வழியில் யாரோ விழுங்கியிருக்கிறார்கள். அப்போது, ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) என்றால், செக்யூரிட்டி குரூப் (மெஷினுக்கான ஃபயர்வால்), ரூட் டேபிள் (பாக்கெட் போகும் வழிப் பட்டியல்), நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட் எனும் நெட்வொர்க் பகுதிக்கான ஃபயர்வால்) ஆகியவற்றைப் பாருங்கள். செக்யூரிட்டி குரூப்பில் உள்ளே வர அனுமதித்தால் பதில் தானாக வெளியே போகும். ஏசிஎல்லில் அப்படி இல்லை. பதில் வெளியேற 1024 முதல் 65535 வரையிலான போர்ட்களைத் தனியாகத் திறக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் மணிக்கணக்கில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிமாற்றிப் பார்ப்பவர்கள் நிறைய.

இன்னொன்று, லோட் பேலன்சருக்குப் (ரெக்வஸ்ட்களைச் சர்வர்களுக்குப் பகிர்ந்து அனுப்பும் அமைப்பு) பின்னால் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் 502 பிழை. ஏடபிள்யூஎஸ் அப்ளிகேஷன் லோட் பேலன்சர் சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 60 நொடி வைத்திருக்கும். நோட்.ஜேஎஸ் சர்வர் அப்படி இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் கீப்-அலைவ் நேரம் நெடுங்காலம் இயல்பில் 5 நொடியாகவே இருந்தது. பேலன்சர் பழைய இணைப்பில் ஒரு ரெக்வஸ்டை அனுப்பும் அதே கணத்தில் சர்வர் அந்த இணைப்பை மூடிவிட்டால் 502 வரும். அப்ளிகேஷன் லாகில் தடயமே இருக்காது, ஏனென்றால் ரெக்வஸ்ட் அதுவரை போகவே இல்லை. சர்வரின் கீப்-அலைவை 60 நொடிக்கு மேல் வைத்தால் தீர்ந்தது. 504 என்றால் கதை வேறு: பெரும்பாலும் இணைப்பு இருக்கிறது, பதில் குறித்த நேரத்துக்குள் வரவில்லை.

பயிற்சிக்கு பத்து சிறு புராஜெக்ட் வேண்டாம், ஒன்று போதும். டேட்டாபேஸ் உள்ள ஒரு சின்ன அப்ளிகேஷன், இரண்டு அவெய்லபிலிட்டி சோன்களில் (ஒரே பகுதியிலுள்ள தனித்தனி டேட்டா சென்டர் தொகுப்புகள்) பப்ளிக், பிரைவேட் சப்நெட்கள், எல்லாமே டெர்ராஃபார்மில். சப்நெட் அளவைத் திட்டமிடும்போது ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளை எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள்: /24 என்றால் கையில் 251, /28 என்றால் வெறும் 11. டெர்ராஃபார்ம் தான் உருவாக்கியவற்றைக் குறித்துவைக்கும் ஸ்டேட் ஃபைலை லேப்டாப்பிலோ கிட்டிலோ வைக்காதீர்கள். அதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்பட வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். எஸ்3-இல் (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் சேமிப்பு) வெர்ஷனிங்கோடும், இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி பூட்டும் லாக்கிங்கோடும் வையுங்கள். டிப்ளாய்மென்ட்டுக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்றால், நிரந்தர ஆக்சஸ் கீ எதுவும் தராமல் ஓஐடிசி (ஒரு சேவையின் அடையாளத்தை இன்னொன்று சரிபார்க்கும் முறை) வழியாகத் தற்காலிக அனுமதி வாங்க வையுங்கள். நேர்காணலில் இதை விளக்கத் தெரிந்தவரைத் தனியாகக் கவனிப்பார்கள்.

எல்லாம் ஓடியபின் ஒட்டுமொத்தமாக அழித்து, மறுபடி ஒரே கட்டளையில் எழுப்புங்கள். எழும்பவில்லை என்றால், நடுவில் எங்கோ கன்சோலில் கையால் ஏதோ செய்திருக்கிறீர்கள்.

அதன்பின் வேண்டுமென்றே உடையுங்கள். டிஸ்க்கை நிரப்புங்கள். கன்டெய்னருக்கு மெமரி லிமிட்டைக் குறைத்து, 137 என்ற எக்ஸிட் கோடு வருவதைப் பாருங்கள். 128-உடன் கட்டாயமாகக் கொல்லும் சிக்னலின் எண் 9 சேர்ந்ததுதான் அது. குபெர்னெட்டிஸில் லைவ்னஸ் புரோபை (தோற்றால் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்யும் சோதனை) டேட்டாபேஸைத் தொடும்படி எழுதி, டேட்டாபேஸை மெதுவாக்கிப் பாருங்கள். நன்றாக இருந்த பாட்கள் (குபெர்னெட்டிஸில் கன்டெய்னர்கள் ஓடும் அலகுகள்) எல்லாம் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகும். அவை திரும்ப எழுந்து ஒரே நேரத்தில் இணைப்பு கேட்க, டேட்டாபேஸ் இன்னும் திணறும். டேட்டாபேஸ் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அது ரெடினஸ் புரோபின் (தோற்றால் ட்ராஃபிக்கை மட்டும் நிறுத்தும் சோதனை) வேலை, அதிலும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு உடைப்புக்கும் என்ன தெரிந்தது, எங்கே பார்த்தேன், எப்படிச் சரியானது என்று ஒரு பக்கம் எழுதி ரெப்பாசிட்டரியிலேயே போடுங்கள். கருவிப் பட்டியலைவிட இந்தப் பக்கங்களைத்தான் அனுபவமுள்ளவர் விரும்பிப் படிப்பார்.

செலவில் கவனம். பழைய வீடியோக்கள் பல ஏடபிள்யூஎஸ் 12 மாதம் இலவசம் என்று சொல்கின்றன. 2025 ஜூலை 15-க்குப் பின் தொடங்கும் கணக்குகளுக்கு அது மாறிவிட்டது: அதிகபட்சம் 200 டாலர் கிரெடிட், இலவசத் திட்டத்துக்கு 6 மாதம். நாட் கேட்வே (பிரைவேட் சப்நெட் இணையத்துக்கு வெளியேறும் வழி) ஒன்றை மறந்து விட்டால், வர்ஜீனியா பகுதியில் மணிக்கு 0.045 டாலர் வீதம் மாதம் 32 டாலருக்கு மேல். இகேஎஸ் (ஏடபிள்யூஎஸ்ஸின் குபெர்னெட்டிஸ் சேவை) கன்ட்ரோல் பிளேன் மணிக்கு 0.10 டாலர், மாதம் சுமார் 73. 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர். இந்தியக் கணக்கென்றால் இதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. குபெர்னெட்டிஸை லேப்டாப்பிலேயே கைண்ட் அல்லது மினிகியூபில் பழகலாம், 8 ஜிபி ரேம் இருந்தால் சமாளிக்கலாம். பட்ஜெட் அலாரம் எச்சரிக்க மட்டுமே செய்யும், தானாக எதையும் நிறுத்தாது. செலவுக் கணக்கு புதுப்பிக்கப்படுவதும் பல மணி நேரம் பிந்தித்தான். ரூட் கணக்குக்கு எம்எஃப்ஏ (பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பு) போடுங்கள், அதற்கு ஆக்சஸ் கீ உருவாக்கவே கூடாது. கீ தவறுதலாக கிட்ஹப்பில் ஏறிவிட்டால் முதலில் அந்தக் கீயை முடக்குங்கள். கமிட்டை அழிப்பது பிறகு. பொது ரெப்பாசிட்டரிகளில் கீ தேடும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் ஓடுகின்றன, நீங்கள் அழிப்பதற்குள் அவை பிரதி எடுத்திருக்கும்.

வாரத்துக்கு ஒரு போஸ்ட்மார்ட்டம் (தன் சிஸ்டம் ஏன் உடைந்தது என்று ஒரு நிறுவனம் எழுதும் அறிக்கை) படியுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். தொடங்குவதற்கு கோடு சேமிக்கும் தளமான கிட்லேபின் 2017 ஜனவரி 31 சம்பவத்தைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரில் ரெப்ளிகேஷனைச் (முதன்மை டேட்டாபேஸைத் தொடர்ந்து நகலெடுப்பது) சரிசெய்ய அங்குள்ள டைரக்டரியை அழிப்பதாக நினைத்து, ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். அதன்பின் தெரிந்ததுதான் பெரிய அதிர்ச்சி. தினமும் எடுக்கப்பட வேண்டிய பேக்கப் எஸ்3-இல் இல்லை. பேக்கப் கருவி போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பில் ஓடியது, டேட்டாபேஸோ 9.6. ஒவ்வொரு முறையும் தோல்வி. தோல்வியைச் சொல்லும் மெயில்கள் டிமார்க் (மெயில் போலியா என்று பார்க்கும்) சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் சேரவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. அதற்குப் பின் பதிவானவை போனது போனதுதான்: குறைந்தது 5,000 புராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், சுமார் 700 பயனர் கணக்குகள்.

இதைப் படித்துவிட்டு உங்கள் சின்னப் புராஜெக்ட்டில் டேட்டாபேஸ் பேக்கப்பை எடுத்து வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்யுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று குறியுங்கள். டெர்மினல் பிராம்ப்ட்டில் புரொடக்‌ஷன் சர்வரின் பெயரைச் சிவப்பில் காட்ட வையுங்கள்.

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக. ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டில் 65 கேள்வி, 130 நிமிடம், 1000-க்கு 720 எடுக்க வேண்டும். ரெஸ்யூமே வடிகட்டலைத் தாண்ட உதவும், அவ்வளவுதான். சிகேஏ (குபெர்னெட்டிஸ் நிர்வாகி) தேர்வை நான் கூடுதலாக மதிக்கிறேன். இரண்டு மணி நேரம் உண்மையான டெர்மினலில் வேலை செய்ய வேண்டும், 66 சதவீதம் தேவை. இந்த இரண்டுக்கு மேல் தொடக்கத்தில் பணம் போட வேண்டாம்.

ஃப்ரெஷரை நேரடியாக டெவ்ஆப்ஸ் பதவியில் எடுக்கும் இடங்கள் குறைவு. கிளவுட் சப்போர்ட், அப்ளிகேஷன் சப்போர்ட், மானிட்டரிங் வேலைகள் வழியாகத்தான் பலர் உள்ளே வருகிறார்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் டிக்கெட்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அதுதான் அடுத்த நேர்காணலில் பேசும். இந்தப் பாதை மெதுவானது என்று சொல்லி, மூன்று நான்கு வருட அனுபவச் சான்றிதழை விலைக்குத் தரும் கன்சல்டன்சிகள் இருக்கின்றன. தயவுசெய்து அங்கே போகாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர்) எண்ணின் கீழ் எந்த நிறுவனம் எந்த மாதம் முதல் பிஎஃப் கட்டியது என்று பார்க்கிறார்கள், வரிப் பிடித்தத்தைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் கேட்கிறார்கள். வேலையில் சேர்ந்தபின் பிடிபட்டாலும் வெளியேற்றுவார்கள். பிடிபடவில்லை என்றாலும், நான்கு வருட அனுபவமுள்ளவர் என்று நம்பி இரவு ஆன்-காலில் (சிஸ்டம் நின்றால் உடனே கவனிக்கும் பொறுப்பில்) தனியாக விடுவார்கள். ஒரு பேமென்ட் சிஸ்டம் நின்றிருக்கும்போது, அங்கே கற்றுக்கொள்ள அவகாசம் இருக்காது.

ஆன்-கால் பற்றி நீங்களே நேர்காணலில் கேளுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். சுழற்சியில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை முறை இரவில் அலர்ட் வருகிறது, மறுநாள் விடுப்பு உண்டா, ரன்புக் (எந்த அலர்ட்டுக்கு என்ன செய்வது என்ற குறிப்பு) எழுதியிருக்கிறார்களா. வாடிக்கையாளருக்கு எத்தனை சதவீத நேரம் சேவை ஓடும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 99.9 என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம், 99.99 என்றால் 4 நிமிடம் சொச்சம். ஆள் போனை எடுத்து லேப்டாப்பைத் திறப்பதற்கே 4 நிமிடம் ஆகிவிடும். தானாக மீளும் அமைப்பு எதுவும் இல்லாமல், இரண்டு பேர் சுழற்சியில் 99.99 என்று ஒரு நிறுவனம் சொன்னால், அந்த ஆஃபரை ஏற்கும் முன் நன்றாக யோசியுங்கள்.