குவார்ட்டர்பேக்: சொல்லும் பொருளும்

அமெரிக்கக் கால்பந்தில் பந்து ஆட்டத்துக்கு வந்ததும் அதைக் கையில் வாங்கி, வீசுவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று ஓரிரு நொடிகளில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக்.

பெயரின் வேர் ரக்பியில் இருக்கிறது. முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர் 'பேக்'. எவ்வளவு பின்னால் என்பதைக் கால், அரை, முழு என்று பிரித்துப் பெயர் வைத்தார்கள். 1880இல், அமெரிக்கக் கால்பந்தின் தொடக்க விதிகளை வகுத்தவர்களில் ஒருவரான வால்டர் கேம்ப் கொண்டுவந்த விதி, முன்வரிசையிலிருந்து வரும் பந்தை முதலில் பெறுபவருக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது. அப்போது அவர் பந்தோடு முன்னே ஓடக் கூடாது, முன்னோக்கி வீசவும் கூடாது. வாங்கி இன்னொருவரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. 1906இல் முன்னோக்கி வீச அனுமதி கிடைத்தது. அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டமே அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

அதனால்தான் இந்த ஓர் இடத்துக்கு யாரை எடுக்கிறார்கள் என்பது அணியின் பல ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. கிரீன் பே பேக்கர்ஸைப் பாருங்கள். 1992இல் பிரெட் ஃபாவ்ரை அட்லாண்டா அணியிடமிருந்து வாங்கினார்கள். அவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே, 2005 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வு) ஆரன் ராட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்து மூன்று ஆண்டுகள் காத்திருக்க வைத்தார்கள். 2008 முதல் 2022 வரை அணி ராட்ஜர்ஸ் கையில். இருவரும் ஆளுக்கொரு சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதிப் போட்டி, வென்று தந்தார்கள். 2020இல் ஜோர்டன் லவ்வை எடுத்ததும் இதே கணக்குதான். அவரும் மூன்று ஆண்டுகள் காத்திருந்து 2023இல் களமிறங்கி, அந்தப் பருவத்திலேயே அணியை பிளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றுக்குக் கொண்டுபோனார். ஆள் தேவைப்படும் முன்பே ஆளைத் தேடும் இந்தப் பொறுமைதான், என் பார்வையில், திறமையைவிட அரிது.

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் கதை வேறு. 1999 டிராஃப்டின் முதல் தேர்விலேயே டிம் கவுச்சை எடுத்து, அந்தப் பருவமே களத்தில் இறக்கினார்கள். ஐந்தே பருவங்களில் அது முடிந்தது. அப்புறம் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2022இல் டிஷான் வாட்சனுக்காக டிராஃப்டில் மூன்று முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளை விட்டுக்கொடுத்து, 23 கோடி டாலர் உறுதிச் சம்பளமும் தந்தார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள லீக் இது. ஒருவருக்குப் போகும் பணம் மற்ற இடங்களிலிருந்துதான் வர வேண்டும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'கால்' என்று தொடங்கினால் பாதம் என்றே படிப்பார்கள். 'அணித்தலைவர்' பொருந்தாது, அது வேறு பொறுப்பு. அவர் செய்யும் வேலையைப் பார்த்தால் 'களநெறியாளர்' பொருந்தும் என்று நினைக்கிறேன். விளையாட்டுச் செய்தியில் ஒருமுறை 'குவார்ட்டர்பேக்', 'களநெறியாளர்' இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லையே தொடரலாம்.