அந்த ஓட்டை காத்து போறதுக்கு இல்ல தம்பி

இந்த மாசம் ரிப்பேருக்கு வந்ததுல இது நாலாவது வூஃபர், அதாவது பேஸ் ஸ்பீக்கர். நாலும் எட்டு இஞ்ச், நாலும் சொந்தமா பொட்டி அடிச்சவங்க கொண்டு வந்தது, நாலு பேரும் சொன்னது ஒரே டயலாக்: "அண்ணே, ஸ்பீக்கர் சரியில்ல, டூப்ளிகேட் குடுத்து ஏமாத்திட்டான் போல." இதுல கடைசியா வந்த தம்பிக்கு இது மூணாவது தடவை. ரெண்டு தடவை நானும் பேசாம ரீகோன் (புதுக் கோனும் காயிலும் போடறது) பண்ணிக் குடுத்து காசு வாங்கிட்டேன், மூணாவது தடவை மனசு கேக்கல, பொட்டியையும் தூக்கிட்டு வாடான்னு சொல்லிட்டேன். அதான் இந்தப் பதிவு, ஸ்பீக்கர் பொட்டியில பைப் மாட்டி விடுற அந்த ஓட்டையப் பத்தி.

முன்னாடி ஆடுற கோனைப் பிரிச்சு, அதை ஆட்டுற கம்பிச் சுருள், அதான் காயில், அதை வெளிய எடுத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். கம்பி கருகி, பசை வெந்து அந்த நாத்தம் அடிச்சுதுன்னா கரண்ட் ஓவரா ஏறியிருக்கு, ஆம்ப் பக்கம் போய்ப் பாக்கணும். கம்பி புதுசு மாதிரி பளபளன்னு இருந்து, கம்பி சுத்தியிருக்கற குழாய், அதான் ஃபார்மர், அதோட அடி விளிம்பு மட்டும் நசுங்கி பூ மாதிரி விரிஞ்சிருந்தா, கோன் அளவுக்கு மீறி உள்ள போய் காயில் பின் தகட்டுல மோதியிருக்குன்னு அர்த்தம். நாலு வூஃபர்லயும் இதான். ஒரு துளி கருகல் இல்ல. ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர், ஆம்பும் நல்ல ஆம்ப், கொன்னது பொட்டி.

தம்பியோட பொட்டி பாக்க அவ்வளவு அழகு. 18 எம்எம் எம்டிஎஃப், ஃபெவிகால் போட்டு ஸ்க்ரூ, மேல கருப்பு ரெக்ஸின், உள்ளளவு 40 x 30 x 25 செ.மீ., அதாவது கரெக்டா 30 லிட்டர். முன்னாடி இருக்கற ஓட்டைக்குள்ள கைய விட்டா பைப் அஞ்சே செ.மீ. தான் இருக்கு. ஏன்டா இப்படின்னு கேட்டா, "வீடியோல 19 செ.மீ.ன்னுதான் சொன்னாங்கண்ணே, காத்து வெளிய போகத்தானே ஓட்டை, எதுக்கு அவ்வளவு நீளம், உள்ள எடத்த அடைக்குதுன்னு வெட்டிட்டேன்".

எனக்கு பிபி ஏறுறது இங்கதான்.

அந்த ஓட்டை காத்து போறதுக்கு இல்ல. ஸ்பீக்கர் சூட்டைத் தணிக்கவும் இல்ல. உள்ள மாட்டிக்கிட்ட பேஸை வெளிய விடுறதுக்கும் இல்ல, பேஸ் ஒண்ணும் உள்ள மாட்டிக்கிட்டு மூச்சு முட்டிக் கெடக்கல. கச்சேரில கடம் வாசிக்கறவரப் பாத்திருப்பீங்க, பானை வாயை வயித்துல அழுத்தியும் விலக்கியும் வாசிப்பாரு, பானை அதே பானை, தட்டுற கையும் அதே கை, வாய் எவ்வளவு தொறந்திருக்குங்கறதுல மட்டும் அந்த "கும்" மேலயும் கீழயும் போய்ட்டு வரும். காலி சோடா பாட்டில் வாயில ஊதிப் பாத்தாலும் இதேதான். உள்ள அடைஞ்சிருக்கற காத்து ஒரு ஸ்பிரிங், கழுத்துல இருக்கற காத்து அதுல தொங்கற எடை, ரெண்டும் சேந்து ஒரு சுருதிக்குத்தான் ஆடும். பைப்பை வெட்டினா எடையக் குறைக்கறீங்க, சுருதி மேல ஏறும். பொட்டியச் சின்னதாக்கினா ஸ்பிரிங்கை இறுக்கறீங்க, அப்பவும் மேலதான் ஏறும்.

கணக்காவே சொல்றேன். 30 லிட்டர் பொட்டி, 75 எம்எம் பிவிசி பைப், உள் விட்டம் 7 செ.மீ.ன்னு வச்சுக்கங்க. நீளம் 19 செ.மீ. இருந்தா 40 ஹெர்ட்ஸ்ல டியூன் ஆகும். அதே பைப்பை 5 செ.மீ.க்கு வெட்டினா 62. பைப்பைத் தொடாம பொட்டியப் பாதியாக்கி 15 லிட்டர் பண்ணினா 57.

62 ஆனா என்னண்ணே, பேஸ் கொஞ்சம் கொறையும், அவ்வளவுதானேன்னு கேப்பீங்க. அவ்வளவு இல்ல. டியூன் ஆன எடத்துல பைப்தான் வேலை செய்யும், கோன் கிட்டத்தட்ட சும்மா நிக்கும். அதுக்குக் கீழ போகப் போக கோனுக்குப் பின்னாடி பிடிமானமே இல்ல, அது உள்ள தள்ளுற காத்து பைப் வழியா ஓடிடும், பொட்டிக்கு வெளிய தொங்கவிட்ட மாதிரி கோன் ஆடும். தம்பி ஓட்டினது என்ன? 30 ஹெர்ட்ஸ் பேஸ் டெஸ்ட் ட்ராக். அதுக்கு மேல ப்ளூடூத் போர்டுல பேஸ் பூஸ்ட் 10 டிபி. 10 டிபின்னா பத்து மடங்கு பவர்ங்க, அஞ்சு வாட்ஸ் போன எடத்துல அம்பது கேக்கும். காயில் பின்னாடி போய் மோதாம என்ன பண்ணும்?

இது புது விஷயமும் இல்ல. ஆஸ்திரேலியாக்காரர் நெவில் தீல் 1961லயே எழுதி வச்சிட்டாரு, 1970கள்ல அதே நாட்டுல ரிச்சர்ட் ஸ்மால் இன்னும் விரிவாப் போட்டாரு. ஸ்பீக்கர் டேட்டாஷீட்ல எஃப்எஸ் (ஸ்பீக்கரோட சொந்த சுருதி), க்யூடிஎஸ் (ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும்ங்கறது), வாஸ் (கோன் பிடிமானத்துக்குச் சமமான காத்தளவு)னு வருதே, அதெல்லாம் இவங்க ரெண்டு பேர் பேர்லதான் இன்னிக்கும் ஓடுது. அந்த மூணு நம்பர் தெரியாம ஓட்டை போடாதீங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல டேட்டாஷீட் இல்லாத வூஃபர் வாங்கினீங்களா, பரவால்ல, மூடின பொட்டியா அடிச்சிடுங்க. பேஸ் அவ்வளவு கீழ எறங்காது, ஆனா உள்ள இருக்கற காத்தே கோனைப் புடிச்சு வச்சிருக்கும், உங்க ஸ்பீக்கர் பொழைக்கும்.

ஏற்கனவே ஓட்டை போட்டு வச்சிருக்கறவங்க இன்னிக்கே ஒண்ணு பண்ணுங்க. போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, சவுண்டைக் கம்மியா வச்சு, 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு மெதுவாக் கீழ வாங்க, விரல் நுனிய கோன் மேல லேசா வச்சுக்கங்க. ஒரு எடத்துல கோன் ஆட்டம் அப்படியே அடங்கி, பைப்ல காத்து நல்லா அடிக்கும். அதான் உங்க பொட்டி டியூன் ஆன எடம். அதுக்குக் கீழ உள்ளதை ஹை பாஸ் ஃபில்டர் (கீழ் சத்தத்தத் தடுக்கறது) போட்டு வெட்டுங்க. அதுக்கு வழி இல்லன்னா பேஸ் பூஸ்டையாவது ஆஃப் பண்ணுங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

பைப்போட உள்முனைக்கும் பின் பலகைக்கும் நடுவுல பைப் விட்டம் அளவுக்காவது எடம் விடுங்க. இடம் பத்தலன்னா எல்போ போட்டு வளைங்க, வெட்டாதீங்க. ஊதுபத்தி கொளுத்தி இணைப்பு ஓரமா காட்டுங்க, பாட்டு ஓடறப்போ புகை ஆடுற எடத்துல லீக் இருக்கு. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 6 காட்டுதுன்னு யாரும் கடைக்கு வராதீங்க, அப்படித்தான் காட்டும். அப்புறம் இந்த "1000 வாட்ஸ்" ஸ்டிக்கர். மூடியக் கழட்டி டிரான்ஸ்ஃபார்மரப் பாருங்க, 12 வோல்ட் 5 ஆம்ப் போட்டிருந்தா மொத்தமே 60 தான், மீதி 940 ஸ்டிக்கர்லதான் இருக்கு. கழட்டறதுக்கு முன்னாடி பிளக்கைப் புடுங்கிடுங்க சாமி.

தம்பிக்கு 19 செ.மீ. பைப் வெட்டி மாட்டிக் குடுத்தேன். 40 கிட்ட வந்ததும் கோன் நின்னதை அவனே விரல் வச்சுப் பாத்தான், மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. சரி ஒருத்தனாவது தேறிட்டான்னு இதை டைப் பண்ணிட்டு இருக்கேன், அதே தம்பி வாசல்ல நிக்கிறான். கைல ட்வீட்டர், மேல் சத்தம் குடுக்கற சின்ன ஸ்பீக்கர்.

"ட்ரெபிள் பத்தலன்னு கண்டென்சர் மாத்தினேண்ணே." 2.2 மைக்ரோஃபாரட எடுத்துட்டு 10 மைக்ரோ போட்டிருக்கான். 8 ஓம் ட்வீட்டருக்கு 2.2 இருந்தா 9,000 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ளதுதான் முழுசாப் போகும், 10 போட்டா 2,000லேர்ந்தே உள்ள ஏறும். சத்தம் கூடியிருக்கும்தான், கூடினது ட்ரெபிள் இல்ல, மிட், அதாவது நடு சத்தம். அந்தச் சின்ன காயிலுக்கு அது எமன். இது கருகின நாத்தம், சந்தேகமே இல்ல.

ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருக்கேன். மொதல்ல இவனுக்குச் சொல்லிட்டு வரேன்.