டர்ஃப் போட்டாயிற்று, தண்ணீருக்கு என்ன வழி?

கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் கார்த்தி செல்வமும் இந்திய ஹாக்கி அணிக்குப் போன பிறகு, "எங்கள் மாவட்டத்துக்கும் டர்ஃப் வேண்டும்" என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே ஹாக்கி டர்ஃப் எனும் செயற்கைப் புல் தரைக்குப் போய்விட்டது. மண்ணில் பழகிய பிள்ளைக்குத் தேர்வு முகாமில் பந்தின் வேகமே பிடிபடாது.

கேட்கும்போது தண்ணீரையும் சேர்த்துக் கேளுங்கள். வழக்கமான ஹாக்கி டர்ஃபை ஆட்டத்துக்கு முன் நனைக்க வேண்டும். ஆடுகளம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். 1 மி.மீ. நனையவே சுமார் 5,000 லிட்டர் ஆகும், 3 மி.மீ. என்றால் 15,000. வறண்ட மாவட்டத்தில் இதை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டேங்கரில் வாங்கிக் கட்டுப்படியாகாது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் ஸ்பிரிங்க்ளர் முனைகள் அடைத்துக்கொள்ளும். ஒரு மூலை நனையும், மறுமூலை காயும். காய்ந்த இடத்தில் பந்து எகிறும், விழுந்தால் முட்டித்தோல் உரியும், இழைகளும் சீக்கிரம் தேயும். எனவே சம்ப், பம்பு, மழைநீர்ச் சேகரிப்பு, மின்கட்டணம் எல்லாம் முதல் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. மின்கட்டணத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

தண்ணீரே இல்லாத ஊருக்கு மணல் நிரப்பிய டர்ஃப் போதும். பந்து கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் தினப் பயிற்சிக்குத் தாங்கும். மணலைத் தவறாமல் பிரஷ் போட்டுப் பரப்ப வேண்டும். விட்டால் கோல் வட்டத்துக்குள் இறுகி மழைநீர் தேங்கும். அங்கே பழகுகிறவர்களை முகாமுக்கு முன் ஒரு வாரமாவது நனைந்த டர்ஃபில் ஆட வையுங்கள். அதற்கான பஸ் செலவையும் தங்கும் செலவையும் மாவட்டத்துக்கான நிதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு ஓட்டை நேர அட்டவணையில் இருக்கிறது. காலை, மாலை நல்ல நேரம் கட்டணம் செலுத்தும் கிளப்புகளுக்குப் போய்விட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உச்சிவெயில்தான் மிஞ்சும். மாலைப் பயிற்சி கடைசி பஸ்ஸுக்குப் பிறகு முடிந்தால் முதலில் நின்றுவிடுவது பெண் பிள்ளைகள்.

உங்கள் ஊர் நிலவரம் தெரிய வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். பொதுவாக 30 நாளில் பதில் வர வேண்டும். "வசதிகள் உள்ளனவா?" என்று கேட்டால் "உள்ளன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, நிரப்பப்படாத பயிற்சியாளர் பணியிடங்கள், வாராந்திர நேர அட்டவணையின் நகல் என்று ஆண்டுவாரியாகத் தனித்தனியே கேளுங்கள்.