ஈறு ஒட்டு அறுவைக்குப் பிறகு வலிப்பது அண்ணம்தான்

ஈறு ஒட்டு அறுவை முடிந்த அன்று இரவு எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "டாக்டர், ஒட்டு வச்ச இடம் பரவாயில்ல. மேல் அண்ணந்தான் தீயா எரியுது. ஏதாச்சும் தப்பாயிடுச்சா?"

தப்பு எதுவும் ஆகவில்லை. ஈறு இறங்கி வேர் தெரியும் பல்லை மூடுவதற்கு, அண்ணத்திலிருந்து ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டுச் சதையை எடுத்துத் தைக்கிறோம். மேல்தோலோடு சேர்த்து எடுத்தால் அண்ணத்தில் திறந்த புண் இருக்கும். சுடச்சுடக் காபி குடித்து அண்ணம் வெந்துபோனால் எப்படி இருக்கும், அதைவிட ஆழமான எரிச்சல். ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உள்சதையை மட்டும் எடுத்து, மேல்தோலை மூடித் தைக்கும் முறையில் வலி குறைவு. இரண்டில் எது செய்யப்போகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். திறந்த புண் என்றால், அண்ணத்தை மூடிக்கொள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகடு செய்து தர முடியுமா என்றும் கேளுங்கள். சாப்பிடும்போது அது தரும் நிம்மதி பெரியது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஈறு பற்றி மட்டும் பேசி அனுப்பியிருக்கிறேன். அண்ணம் வலிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தால் அவர்களுடைய பயத்திலாவது பாதி குறைந்திருக்கும்.

மரத்துப்போகும் ஊசி இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். வலி வரட்டும், அப்புறம் மாத்திரை போடலாம் என்று காத்திருக்க வேண்டாம். மரமரப்பு இருக்கும்போதே முதல் வேளை மாத்திரையைப் போட்டுவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள், எழுதிக்கொடுத்த நேரப்படி விடாமல் போடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஐபுப்ரோஃபென் வகை ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால், அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

அண்ணத்தில் ரத்தம் கசிந்தால் துப்பிக்கொண்டே இருக்காதீர்கள். துப்பத் துப்ப உறைந்த ரத்தம் பெயர்ந்து இன்னும் வரும். நிமிர்ந்து உட்கார்ந்து, நனைத்த காஸ் துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து, பதினைந்து இருபது நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

பார்ப்பது என்றதும் ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். கீழ்முன்பற்களுக்கு ஒட்டு வைத்திருந்தேன். மூன்றாம் நாள், ஊரில் இருக்கும் அக்காவுக்கு வீடியோ காலில் காட்டுவதற்காகக் கீழுதட்டை இழுத்துப் பிடித்திருக்கிறார். ஒரு தையல் அறுந்து, ஒட்டின் ஓரம் தூக்கிக்கொண்டது. முதல் இரண்டு நாள் அந்தத் துண்டுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. அடியில் ஊறும் நீரில்தான் உயிரோடு இருக்கிறது. அதன் பிறகுதான் நூலைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் உள்ளே வளர ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் துளி அசைந்தாலும் அவை அறுந்துபோகும். இதைச் சொன்னபோது அவரே சொன்னார்: "நட்ட நாத்து பச்சை பிடிக்கிறதுக்குள்ள அசைச்சுட்டேன்." அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. நல்லவேளையாக, ஓரம் மட்டும் கருகி மீதி பிடித்துக்கொண்டது.

அதனால் உதட்டை இழுக்காதீர்கள், கன்னத்தைத் தூக்கிக் கண்ணாடியில் பார்க்காதீர்கள். பார்த்தாலும் பயம்தான் மிஞ்சும். முதல் வாரத்தில் ஒட்டு வெளுத்து, மேலே வெள்ளைப் படலம் உரிகிற மாதிரி இருக்கும். பலர் அதைச் சீழ் என்று நினைத்துப் பஞ்சால் துடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள். கிராம்பு எண்ணெயும் மஞ்சள் பற்றும் வேண்டாம், பச்சைப் புண்ணை அவை இன்னும் எரிக்கும். தையல் பிரித்து, நாங்கள் சொல்லும் வரை அங்கே பிரஷ் படக் கூடாது. எழுதிக்கொடுத்த மருந்தால் வாய் கொப்பளிக்கும்போதுகூட, மருந்தை வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழியவிடுங்கள். அந்த மருந்து குளோர்ஹெக்சிடின் என்றால் பல்லில் லேசாகக் கறை பிடிக்கும். அது சுத்தம் செய்தால் போய்விடும்.

சாப்பாட்டுக்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. ஆறிய ராகிக் கூழ், குழைந்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி. தாளிப்பில் ஒரு கடுகுகூட வேண்டாம், அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். காரம், ஊறுகாய், முறுக்கு, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது எல்லாம் ஒதுக்குங்கள். பீடி, சிகரெட், புகையிலை பற்றிக் கெஞ்சியே கேட்கிறேன். புகை ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், ஒட்டு பட்டினியால் செத்துப்போகும்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் அதிகமாக இருக்கும், பதற வேண்டாம். ஆனால் நான்காம் நாளுக்குப் பிறகு குறைய வேண்டிய வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இருபது நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அறுவை செய்த டாக்டருக்கு ராத்திரி என்றாலும் போன் செய்யுங்கள்.