கேஸ் இன்சென்சிடிவ்: தமிழில் எப்படிச் சொல்வது?

நிரல் எழுதப் பழகுபவர்கள் ஆரம்பத்திலேயே மாட்டிக்கொள்ளும் இடம் இது. ‘மறுபடி ஆடலாமா?’ என்று கேட்டு, ஒய் தட்டினால் ஆட்டம் தொடரும்படி எழுதியிருப்பார்கள். கேப்ஸ் லாக் போட்டிருந்தால் பெரிய ஒய் விழும், ஆட்டம் முடிந்துவிடும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு எண்கள். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய ஏ 65, சிறிய ஏ 97. இசட் வரை இதே 32தான் இடைவெளி. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடுவதுதான் கேஸ் இன்சென்சிடிவ் ஒப்பீடு.

இந்தக் ‘கேஸ்’ கோர்ட்டு கேஸ் இல்லை. அது ‘நிகழ்வு’ என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இது ‘பெட்டி’ என்பதிலிருந்து. கையால் அச்சுக் கோத்த காலத்தில் ஈய எழுத்துகளை அறை அறையாகத் தடுத்த மரத்தட்டுகளில் போட்டு வைத்தார்கள். பெரிய எழுத்துகள் மேல் தட்டில், சிறியவை கீழ்த் தட்டில். அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்ற பெயர்கள் அப்படி வந்தவை.

இன்சென்சிடிவ் என்பதைத் தமிழில் ‘உணர்வற்ற’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் மயங்கி விழுந்தவரைப் பற்றிப் பேசுவது போலிருக்கிறது. ‘நேரம் காலம் பாராமல்’ என்கிறோமே, அந்தப் ‘பாராமல்’ இங்கே கச்சிதம்: பெரிய, சிறிய எழுத்து பாராத ஒப்பீடு. கொஞ்சம் நீளம்தான், ஆனால் கேட்டவுடன் புரியும்.

செய்முறை எளிது. பைத்தான் நிரல்மொழியில் உள்ளீட்டை லோயர் என்ற கட்டளை கொண்டு சிறிய எழுத்தாக்கிவிட்டு ஒப்பிடலாம். ஜாவா மொழியில் ‘ஈக்வல்ஸ் இக்னோர் கேஸ்’ என்றே ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தைச் சிறிதாக்கிவிட்டு மறுபக்கத்தில் பெரிய எழுத்தை விட்டுவைத்தால் ஒருநாளும் பொருந்தாது. லோயர் மூலச் சரத்தை, அதாவது முதலில் இருந்த எழுத்துத் தொடரை, மாற்றாது, புதிய சரத்தைத்தான் தரும். அதை வாங்கி வைக்காவிட்டால் பலன் இல்லை. ஜெர்மன் மொழியில் இரட்டை எஸ்ஸுக்கு ஒரு தனி எழுத்து உண்டு, அதை லோயர் அப்படியே விட்டுவிடும். அதற்காகத்தான் அதையும் இரட்டை எஸ்ஸாக்கி ஒப்பிட உதவும் கேஸ்ஃபோல்ட் பைத்தான் 3.3இல் வந்தது. அப்புறம், கடவுச்சொல்லுக்கு மட்டும் இதெல்லாம் கூடாது.

தமிழில் பெரிது சிறிது கிடையாது, லோயர் போட்டாலும் எதுவும் மாறாது. ஆனால் நமக்கு வேறு தொல்லை. ‘கொ’வின் கொம்பையும் காலையும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில், ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றாகத் தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. நார்மலைஸ் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இது சரியாகிவிடும். ‘ஔவை’க்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ‘ஒளவை’ என்று தட்டினால் நார்மலைஸும் உதவாது. அதற்கு நிரலில் தனியாக ஒரு வரி எழுதித்தான் ஆகவேண்டும்.