பொருக்கு உதிர்ந்தால் புற்றுநோய் போய்விடுமா?

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தோல் புற்றுநோயைக் குணமாக்கும் என்று சொல்லி ஒரு கருப்புக் களிம்பை விற்கிறார்கள். பெரும்பாலும் அதில் இருப்பவை துத்தநாகக் குளோரைடும், பிளட்ரூட் என்ற வட அமெரிக்கச் செடியின் கிழங்கிலிருந்து வரும் சாங்குவினாரினும். முன்னது திசுவை அரித்து இறுக்கும், பின்னது செல்களைக் கொல்லும். சில நாளில் கரும்பொருக்கு கட்டி உதிரும். அதைப் படமெடுத்து, 'வேரோடு வந்துவிட்டது' என்பார்கள். உதிர்வது பொசுங்கிய தசை. நல்ல செல், புற்றுச் செல் என்று அந்தக் களிம்பு பிரித்தறிவதில்லை. தழும்புக்கு அடியில் தப்பிய மெலனோமா, அதாவது உடலெங்கும் பரவக்கூடிய கொடிய தோல் புற்றுநோய், வெளியே தெரியாமல் வளரும். பயாப்ஸிக்காகத் திசு எடுத்துக் கட்டியின் ஆழத்தை அளக்கும் வாய்ப்பும் போய்விடும்.

1930களில் ஃபிரெடரிக் மோஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் துத்தநாகக் குளோரைடைத்தான் பூசினார் என்று களிம்புக்காரர்கள் சொல்வதுண்டு. அது உண்மைதான். ஆனால் அவர் பூசியது திசுவைப் பதப்படுத்த. பிறகு அடுக்கடுக்காகச் சீவி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுச் செல் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகே நிறுத்தினார். சிகிச்சையின் உயிர்நாடியே அந்தச் சோதனைதான்.

நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவிவிட்ட மெலனோமாவை எந்தக் களிம்பும் எட்டாது. இரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகும் மருந்து தேவை. மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் மரபணு மாறியிருக்கும். அதனால் 'பெருகு' என்ற கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். அதை அடைக்கும் வெமுராஃபெனிப் மாத்திரையை 675 பேரிடம் பழைய கீமோ மருந்தான டகார்பசினோடு ஒப்பிட்டார்கள். 6 மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வெமுராஃபெனிப் பெற்றவர்களில் 84%; டகார்பசின் பெற்றவர்களில் 64%. ஆனால் பலருக்குச் சில மாதங்களில் புற்று மாற்றுப்பாதை கண்டுபிடித்துவிடுகிறது. அதனால் இப்போது 'பெருகு' கட்டளை போகும் பாதையின் அடுத்த கண்ணியான மெக் புரதத்தையும் சேர்த்தே அடைக்கிறார்கள்.

நீடித்த பலன் தந்தவை நோயெதிர்ப்பு மருந்துகள். நோயெதிர்ப்புப் படையின் வீரர்களான டி செல்கள் அளவுமீறித் தாக்காமலிருக்க அவற்றில் சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற தடைகள் உண்டு; புற்றுநோய் அவற்றைத் தனக்குக் கேடயமாக்கிக்கொள்கிறது. இபிலிமுமாப் முதல் தடையையும் நிவோலுமாப் இரண்டாவதையும் விலக்கும். 945 பேரிடம் நடந்த ஆய்வில் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43% பேர் 10 ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தார்கள். நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 37%, இபிலிமுமாப் மட்டும் என்றால் 19%. முன்பு மாதக் கணக்கில் பேசப்பட்ட நோய் இது!

தடை நீங்கிய டி செல்கள் குடல், கல்லீரல், தைராய்டையும் தாக்கலாம். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நேரத்தோடு ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். இந்த நேரத்தில் வீட்டில் ரகசியமாக எடுக்கும் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையோ மூலிகைப் பொடியோ பெரிய குழப்பத்தை உண்டாக்கும். அவற்றில் சிலவும் கல்லீரலைக் கெடுப்பவை. இரத்தத்தில் கல்லீரல் நொதி அளவு ஏறினால் காரணம் எதுவென்று பிரித்தறிய முடியாமல், பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தையே நிறுத்த நேரிடும். எதைச் சாப்பிட்டாலும் அதன் டப்பாவோடு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.