கல்ச்சர்: கலாச்சாரம் அல்ல, வளர்ப்பு

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு லேபில் அம்மாவின் சிறுநீரைக் கொடுத்திருந்தேன். "கல்ச்சர் போட்டிருக்கோம்ணா, மூணு நாள் ஆகும்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். அருகில் ஏற்காட்டிலிருந்து வந்திருந்த பெரியவருக்கும் அதே பதில். "சர்க்கரையை அரை மணியில சொல்றாங்க, இதுக்கு ஏங் கண்ணு மூணு நாளு?" என்று என்னிடம் கேட்டார்.

விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. லத்தீனில் 'கொலேரே' என்றால் நிலத்தைப் பண்படுத்துவது, பயிரைப் பேணுவது. அதிலிருந்து 'குல்தூரா', உழவு. மண்ணைப் பண்படுத்தியது பிறகு மனத்தைப் பண்படுத்துவதற்கும் ஆகிவந்தது. நம் 'பண்பாடு' அந்தப் பொருளுக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டில் கிருமியைத் தட்டில் வளர்ப்பதற்கும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இது தெரியாமல் 'சிறுநீர் கலாச்சாரம்' என்று இணையத்தில் எழுதிவைத்திருப்பதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. நோயாளி படிக்கிற வரி அது.

சரியான சொல் வளர்ப்பு. திசு வளர்ப்பு வாழை என்று நம் விவசாயிகள் எப்போதோ சொல்லப் பழகிவிட்டார்கள். அதே வழியில் செல் வளர்ப்பு, நுண்ணுயிர் வளர்ப்பு. உறைமோரும் ஒருவகைக் கல்ச்சர்தான். ஆனால் 'உறை' பாலைத் தயிராக்குவதற்கான சொல், லேபுக்குப் பொருந்தாது.

தட்டில் ஊற்றுவது அகர். கடற்பாசியில் எடுப்பது, மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று வாங்குகிறோமே, அதுதான். கிருமி ஆய்வின் முன்னோடியான ஜெர்மானியர் ராபர்ட் காக்கின் ஆய்வகத்துக்கு இந்த யோசனையை 1881இல் தந்தவர், அங்கே வேலை செய்த ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. தன் சமையலில் பழகிய பொருளையே சொன்னார். அதற்கு முன் தட்டில் ஊற்றிவந்த ஜெலட்டின், கிருமி நன்றாக வளர்கிற 37 டிகிரியில் உருகிவிடும். அகர் அப்படியே நிற்கும். ஓர் இரவில் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைக்கும். அதை எடுத்து வேறு தட்டில் பூசி, மருந்து ஏற்றிய 6 மில்லிமீட்டர் வில்லைகளை வைத்து இன்னோர் இரவு விடுவார்கள். கிருமி வளராத இடம் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டமாகத் தெரியும். அதை அளந்துதான் ரிப்போர்ட்டில் 'எஸ்', 'ஆர்' என்று போடுகிறார்கள். சென்சிட்டிவ், ரெசிஸ்டன்ட். தமிழில் இதற்குச் சொல் தேடவே வேண்டாம்: மருந்துக்குக் கேட்கும், கேட்காது.

கேட்காமல் போவதற்குக் காரணம் பல நேரம் ஒரு மரபணு. அது பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருந்தால், ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும். பிளாஸ்மிட் என்ற பெயரை 1952இல் வைத்தவர் அமெரிக்க மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க்.

பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உங்க கிருமியை வெதைச்சிருக்காங்கய்யா, மொளைச்சு வந்தாத்தான் எந்த மருந்துக்குக் கேக்கும்னு தெரியும்" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். "அப்படின்னா காலையில இதைப் போட்டுட்டு வந்திருக்கக் கூடாதே கண்ணு?"